சீட்டு

பதினோரு வருடமாய் என் வேலை
கை நீட்டுவது.
மாட்டுத்தாவணி – மேலூர் தடத்தில்
ஒத்தக்கடையில் திடீரென்று ஏறி
டிக்கெட்டக் காட்டுங்க என்பது.
காசு குடுத்தேன் சார், காத்துல பறந்துருச்சு சார்,
கண்டக்டரக் கேட்டுப் பாருங்க சார்.
எல்லாம் கேட்டிருக்கிறேன்.
எதையும் எழுதிக்கொண்டதில்லை.

போன மாசியில், இரவுப் பணி முடிந்த விடிகாலை,
இணையக் கலைக்களஞ்சியத்தில் கணக்குத் தொடங்கினேன்.
பெயர் முத்திருளன்78.
முதல் கட்டுரை வெள்ளாரங் கண்மாய்:
ஆனைமலை நிழல் சாயங்காலம் எந்தக் கரைவரை வரும்,
கலுங்கு ஒன்று, மடை நான்கு,
நாலாவதற்குப் பெயர் நொண்டி மடை.
வெளியிடு என்பதை அழுத்தும்போது
நெஞ்சு அடித்துக்கொண்டது. எனக்கே சிரிப்பு.

பல் துலக்கிவிட்டு வருவதற்குள்
வரிக்கு வரி, சின்ன எழுத்தில்
மேற்கோள் தேவை
மேற்கோள் தேவை.
நொண்டி மடையைக் காணவே காணோம்.
காரணம்: சொந்த ஆய்வு.

ஆய்வா?
அதில் சறுக்கி விழுந்ததுதானே என் முழங்கால் தழும்பு.
உரையாடல் பக்கத்தில் அப்படியே எழுதினேன்
மூன்று ஆச்சரியக்குறியோடு.
மணிப்புறா என்ற பெயரில் பதில் வந்தது:
தழும்பை இணைக்க முடியாது ஐயா.
அச்சில் வந்தது ஏதாவது உண்டா?

'என்று ஊரார் சொல்வர்' என்று சேர்த்துப் பார்த்தேன்.
எந்த ஊரார், என்று ஒட்டிவிட்டுப் போனது புறா.

வார விடுப்பில் அலைந்தேன்.
கோயில் கும்பாபிஷேக மலர்
தன்னைத் தானே புகழ்ந்துகொள்கிறது, ஆகாது.
மச்சினன் நடத்தும் யூடியூப், ஆகவே ஆகாது.
கரையில் சாய்ந்து கிடக்கும் கல்லில் எழுத்திருக்கிறது;
நான் படித்துச் சொன்னால் அது மறுபடியும் நான்.
கடைசியில் மேலூர் நூலகத்தில்
நூலகர் பெனாசிர் துணியால் தட்டித் தந்த பழைய நாளிதழ்க் கட்டில்
ஏழாம் பக்கம், இரண்டு அங்குலம்:
கண்மாயைத் தூர்வாரக் கோரிக்கை.
மூன்று மடைகளும் பழுது.

மூன்று.
நிருபர் கருவேலம் மறித்த இடத்தில்
திரும்பியிருப்பார், பாவம், மதிய வெயில்.

மூன்றென்றே எழுதினேன்.
இதழ், தேதி, பக்கம் ஏழு.
வரியின் தோளில் குட்டியாய் ஓர் எண் ஏறி உட்கார்ந்தது.
யாரும் நீக்கவில்லை.

அன்று இரவு கேட்டேன்:
நாலாவது இருக்கிறது என்று நீங்களாவது நம்புகிறீர்களா?
நம்புகிறேன், என்றது புறா.
ஆனால் உங்களை அறியாத ஒருவர்
எதைப் பிடித்துக்கொண்டு வந்து பார்ப்பார்?
பதில் எழுதவில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன்.

திங்கள்கிழமை,
கொய்யாக் கூடையோடு ஓர் அம்மா.
பெண்களுக்குக் கட்டணம் இல்லைதான்,
கட்டணமில்லை என்பதற்கும் ஒரு சீட்டு உண்டு.
சுருக்குப்பை, முந்தானை முடிச்சு, கூடைக்கு அடி
எங்கும் இல்லை.
இந்தா உக்காந்திருக்கேன்ல, என்றார்,
ஏறுனதுக்கு இது பத்தாதா?

இதற்கு எப்போதும் என்னிடம் ஒரு பதில் உண்டு.
நடத்துநர் சோலைமணி
என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.
எழுதினேன்:
இருக்கை பதினான்கு. பெண் பயணி. சீட்டு இல்லை.
பிறகு, படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது,
ஓரத்தில், சின்ன எழுத்தில்:
ஒத்தக்கடைக்கு முன்பே
ஏறியதாகச் சொல்கிறார்.