பதினொரு விநாடி

பென்னாகரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே என் கடை.
ரீசார்ஜ், டெம்பர்டு கிளாஸ்,
கேட்டவர்க்கு மட்டும்
மெமரி கார்டில் படம் ஏற்றுவது.
போர்டில் அது இல்லை.

தர்மபுரியில் ரெண்டு கடையைப் பூட்டிவிட்டார்கள் என்றதும்
ஷட்டரை இறக்கிவிட்டு அழிக்க உட்கார்ந்தேன்.
நானூற்றுப் பன்னிரண்டு படம்.
'அழிக்கவா?' என்கிற பெட்டி
ஒவ்வொரு முறையும்
இப்போதுதான் கேட்பதுபோலக் கேட்டது.

காலையில் முனிமாதன்.
ஒகேனக்கல்லில் பரிசல் போடுகிறவர்,
செருப்பில் இன்னும் மணல்.
போன் ஆற்றோடு போய்விட்டதாம்.
புதுப் போன், அதே படம் வேணும்.

எந்தப் படம் என்று நான் கேட்கவேண்டியதில்லை.
கதாநாயகனும் நாயகியும் பாறையிடுக்கில் போகையில்
துடுப்போடு பின்னால் ஓர் ஆள், பதினொரு விநாடி.
முகம் தெரிவது நாலு.
அன்றைக்குக் கூலி முந்நூறு, பிரியாணிப் பொட்டலம் ஒன்று.
கையெழுத்து வாங்கினார்களா?
"எதுலயோ வாங்குனாங்க."

படம் இந்தப் பக்கம் வரவேயில்லை.
வேறெங்கோ ஓடிய ஐந்து நாளில்
யாரோ சட்டைப்பையிலிருந்து பிடித்த பிரதிதான் மிச்சம்.
பரிசல் சுழலும் நேரம் பார்த்து
முன்வரிசையில் ஒருவன் ஒன்றுக்குப் போக எழுகிறான்,
அவன் தலை முனிமாதன் தோளை மறைத்துக் கடக்கிறது.
அவருக்கு அதுவும் பெருமை:
"பாரு, என்னத் தாண்டித்தான் போறான்."

சார்ஜர் வாங்க வந்த வக்கீல் சாரதாமணியைக் கேட்டேன்.
விக்கிறது தப்பு, அதுல பேச்சே இல்ல, என்றார்.
பாக்கிறது மேடம்?
ஒயரின் நீளத்தை இழுத்து அளந்தார்.
சும்மா வெச்சிருக்கிறது?
"யாரு கேக்குறாங்கங்கறதப் பொறுத்து."
அவரு மூஞ்சிதானே மேடம்.
"மூஞ்சி அவரோடது. படம் அவரோடதில்ல."
மீதி முப்பதை எண்ணி வாங்கிக்கொண்டு இறங்கினார்.

முனிமாதன் அசையவில்லை.
கர்நாடகத்தில் தண்ணீர் திறந்து
பரிசலுக்குத் தடை போட்ட நாட்களில்
கயிற்றை எப்போது அவிழ்ப்பார்கள் என்று
கரையில் நிற்பாரே, அப்படி.

மொத்தம் இருந்தது நானூற்றுப் பதிமூன்று என்பதை
வக்கீலிடம் நான் சொல்லியிருக்கவில்லை.

ஏற்றினேன்.
ஒரு மணி ஏழாவது நிமிடத்துக்கு நேரே இழுத்து
நிறுத்திக் கொடுத்தேன்.
இருபது ரூபாயை நீட்டினார். வேண்டாமென்றேன்,
வாங்கினால்தானே விற்பனை.
என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு
போனைப் பாலிதீன் பையில் போட்டு
ரெண்டு முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் கடை திறக்கையில்
ஷட்டர் கொக்கியில் தொங்குகிறது
வறுத்த மீன், சூடு ஆறாத பொட்டலம்.
இது விலையில் சேருமா என்று
இனி யாரைக் கேட்க?
முள்ளெடுத்துத் தின்றேன்.