சிலை என்றால்

ஹட்டனில் மூன்று நாள் பயிற்சி.
நாங்கள்தான் முதலில் விளையாடினோம்:
தலை என்றால் காலைத் தொட வேண்டும்,
கால் என்றால் தலையை.
நாற்பது வயதில் நான் நான்கு முறை தோற்றேன்.
"நெற்றிக்குப் பின்னால் ஒரு பிரேக் இருக்கு,
விளையாடி விளையாடித்தான் அது பிடிக்கப் பழகும்"
என்றார் பயிற்சி கொடுத்த மிஸ்.
திரும்பும்போது, வளைவுக்கு வளைவு,
பஸ் டிரைவரின் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

கீழ்ப்பிரிவு பிள்ளைக் காம்பராவில்
எனக்குப் பதினெட்டுப் பேர்.
தொட்டிலில் கிடக்கும் மூன்றைச் சேர்க்கவில்லை.
ருக்‌ஷன் அடித்துவிட்டுத்தான் யோசிப்பான்.
யதுர்ஷாவின் பிஸ்கட்
அவள் வாய்க்குப் போகுமுன்
டிலுக்‌ஷியின் வாய்க்குள் இருக்கும்.
கதவு திறந்திருந்தால் போதும்,
கிஷோபன் பாலத்தடியில்.

டம்ளரில் கரண்டியால் தட்டுவேன்.
தட்டும்வரை ஆட்டம்,
நிறுத்தினால் சிலை.
முதல் வாரம் சிலைகள் விழுந்து விழுந்து சிரித்தன.
மூன்றாம் வாரம் ருக்‌ஷன்
ஓங்கிய கையைப் பாதியில் வைத்துக்கொண்டு
தானே அதை வேடிக்கை பார்த்தான்,
யாருடைய கையோ என்பதுபோல.

அன்றைக்குத்தான் கணக்கப்பிள்ளை எட்டிப்பார்த்தார்.
"நல்லாப் பழக்கியிருக்கீங்க டீச்சர்,
மூச்சுக் காட்டாம நிக்குதுங்க.
பெரட்டுக்களத்துல இப்பிடி நின்னா எப்பிடி இருக்கும்!"
அவர் போனபிறகு
எனக்குத் தேத்தண்ணி இறங்கவில்லை.
என் அம்மா அப்படி நின்றவள்தான்,
அரைப்பேர் போட்ட நாளிலும் வாய் திறக்காமல்.
அதற்கு அடக்கம் என்று
ஒரு நல்ல பெயர் வைத்திருந்தோம்.

ராத்திரியெல்லாம் யோசித்துச் சட்டத்தை மாற்றினேன்.
சிலை கண்ணை அசைக்கலாம்.
நின்றபோது என்ன பார்த்தாய் என்று
பிறகு சொல்ல வேண்டும்.
"டீச்சர் சாரியில ரெண்டு ஊக்கு."
"ஓட்டுல பல்லி, வால் இல்ல."
ஏன் நிக்கச் சொன்னீங்க என்று கேட்டால்
அதற்கு இரண்டு புள்ளி.
டிலுக்‌ஷி ஒரே நாளில் பன்னிரண்டு எடுத்தாள்.
எனக்குத் தலைவலி.

புரட்டாசியில், மழை விட்ட ஒரு முற்பகல்,
பதினோராம் நம்பர் மலையில் யாரோ
குளவிக்கூட்டில் கவ்வாத்துக் கத்தியை
வைத்துவிட்டார்கள்.
ஆட்களின் கூச்சலுக்கு முன்னால் அந்த இரைச்சல் வந்தது.
ஜன்னலை இழுத்துச் சாத்தினேன்.
ஒரு கண்ணாடி போன வருஷத்திலிருந்தே இல்லை.
ஏழெட்டுக் குளவி உள்ளே.
கரண்டி எங்கே போனதென்று தெரியவில்லை.
"சிலை" என்றான் கிஷோபன்,
கதவுக்கு மிகப் பக்கத்தில் இருந்தவன்.

பதினெட்டும் நின்றது.
ருக்‌ஷனின் காதுமடலில் ஒன்று உட்கார்ந்து
கொஞ்சம் நடந்து
ஏதோ நினைத்துக்கொண்டு எழுந்து போனது.
அவன் கண் மட்டும் அதன் பின்னால் போனது.

கத்தியது நான்.
முந்தானையை வீசி வீசி ஓடியதும் நான்.
கழுத்தில் இரண்டு, புருவத்தில் ஒன்று.

மறுநாள் ஒரு கண் வீங்கி மூடிக்கிடக்க
வாசலில் போய் நின்றேன்.
ஒருவரும் கிட்டே வரவில்லை.
தங்களுக்குள் என்னவோ பேசி முடித்திருந்தார்கள்.
யதுர்ஷா, வாயில் முழு பிஸ்கட்டோடு,
மென்று விழுங்கும்வரை எல்லோரையும் காக்கவைத்துச்
சொன்னாள்:
"டீச்சர் அவுட்."

டிலுக்‌ஷி கை தூக்கினாள்.
"ஏன் ஓடுனீங்க?"
இரண்டு புள்ளி, என்றேன்.
அவள் கையை இறக்கவில்லை.
"பயம்."
"எங்களுக்குந்தான்" என்றான் ருக்‌ஷன்,
கோபமில்லாமல்.

கரண்டி அவன் கையில்தான் இருந்தது.
நான் செருப்பைக் கழற்றிவிட்டு
நடுவில் போய் நின்றேன்.