நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

சர்ச் தெருவில் பழைய விலைக்கு வாங்கினேன்,
நூற்றறுபது ரூபாய்.
லிமிட் ஹோல்டெம் ஆடுவது எப்படி என்று
முந்நூறு பக்கம் பொறுமையாகச் சொல்கிற புத்தகம்.
எனக்கு முன்னால் யாரோ பென்சிலோடு படித்திருக்கிறார்.
ஓரங்களில் பொடிப்பொடியாகக் கணக்கு,
நடுநடுவே தமிழில் ‘ஐயோ’,
ஓரிடத்தில் ‘இது நானேதான்’.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தோடு பென்சில் நின்றுவிடுகிறது.
அதற்கப்பால் வெள்ளை.

500டி பேருந்தில் படிப்பேன்.
சில்க் போர்டு சிக்னல் மனது வைத்தால்
ஓர் அத்தியாயம் முடிந்துவிடும்.
பந்தயத்துக்கு அளவு உண்டு, அது முதல் பாடம்.
முதல் இரண்டு சுற்றுக்குப் பத்து, பிறகு இருபது.
இருப்பதையெல்லாம் நடுவில் தள்ளி
யாரையும் மிரட்ட முடியாது.
போடாமல் காப்பாற்றிய இருபதும்
ஜெயித்த இருபதும் ஒரே எடை.
பதினோரு வருடம் காப்பீட்டு அலுவலகத்தில்
பிறத்தியார் விபத்துகளைக் கூட்டிக் கழித்தவளுக்கு
இது புரியாமலா போகும்?

வெள்ளிக்கிழமை லிங்கராஜபுரத்தில் ஆட்டம்.
புட்டலட்சுமிக்குப் பொம்மனஹள்ளியில் தையல் ஆலை;
எங்கள் காசு அவளுடைய சட்டைப் பொத்தான்கள்.
வெள்ளை பத்து, நீலம் இருபது.

புத்தகத்தில் எதிராளிக்கு முகம் கிடையாது.
நாம் எழுப்பினால் அவன் யோசிப்பான்,
யோசித்துச் சீட்டைக் கவிழ்ப்பான்.
இங்கே யார் கவிழ்க்கிறார்கள்?
‘இவ்ளோ தூரம் வந்தாச்சு, பாத்துட்டே போயிடறேன்’ என்பார் ஜெயசிம்மா,
தரிசன வரிசையில் நிற்பவர் மாதிரி.
கையில் இரண்டும் ஐந்தும் வைத்திருப்பார்.
கடைசிச் சீட்டாக ஓர் ஐந்து வந்து
என் ஆஸையும் ராஜாவையும் சேர்த்து விழுங்கும்.
சரியாக ஆடித் தோற்பதில் ஒரு ருசி இருக்கிறது.
நாலு மாதம் அதைத்தான் சாப்பிட்டேன்.

கணக்கு எழுதுவது ஞானாதிக்கம்.
விமானத் தொழிற்சாலையில் கடைசல் பிடித்து ஓய்வு பெற்றவர்.
எப்போதும் சிரிப்பார், எல்லாப் பந்தயத்துக்கும் ஈடு போடுவார்,
பாதி நாள் தோற்பார்.
ஏழு எழுதினால் அதன் இடுப்பில் குறுக்கே ஒரு கோடு.
‘வரைபடத்துல ஒண்ணுன்னு நெனச்சுட்டா இறக்கை போயிடும்மா.’

ஒரு சனிக்கிழமை காலை, காபி ஆறும்வரை,
அறுபத்து மூன்றாம் பக்க ஓரத்தைப் பார்த்தபடி இருந்தேன்.
நாற்பத்தேழில் ஏழு என்று வகுத்திருந்தது பென்சில்.
இரண்டு ஏழுக்கும்
இடுப்பில் கோடு.

நான் கேட்கவில்லை.
அவர் விற்ற புத்தகம், அவர் விட்ட இடம்.
ஆனால் மனசு சும்மா இருக்குமா?
நூற்றுப் பன்னிரண்டு வரை அவருக்குத் தெரியும்.
பதின்மூன்றிலிருந்து எனக்கு மட்டும்.

நூற்று முப்பதில் இருக்கிறது அந்தத் தந்திரம்:
நல்ல சீட்டு வந்தால் மேசையைத் தட்டிவிட்டுப் பேசாமல் இரு.
அவன் போட்டதும் எழுப்பு.

அடுத்த வெள்ளி வெளியே மழை.
கையில் இரண்டு எட்டு.
மேசையில் ஆட்டின் எட்டு, கிளாவர் ராணி, டைமன் மூன்று.
பத்து போட்டேன், நாலு பேரும் வந்தார்கள்.
நாலாம் சீட்டு எதற்கும் உதவாத இரண்டு.
தட்டினேன்.
ஞானாதிக்கம் ஒரு நீலப் பொத்தான் வைத்தார்.
இரண்டு வைத்தேன், கை நடுங்காமல்.
புட்டலட்சுமி கவிழ்த்தாள். ஜெயசிம்மாவே கவிழ்த்தார்!
ஞானாதிக்கம் என்னைப் பார்த்தார்,
பொத்தான்களைப் பார்த்தார்,
இன்னும் இரண்டு எடுத்துவைத்தார்.
சிரிக்கவில்லை.

கடைசிச் சீட்டு, இஸ்பேட் ஒன்பது. மறுபடி நீலம்.
குவியலில் இருநூற்றிருபது, நான் வைக்க வேண்டியது இருபது.
பன்னிரண்டு தடவையில் ஒன்று ஜெயித்தாலே நட்டமில்லை.
அந்தப் பக்கம் எங்கள் இருவருக்கும் பொது;
அவர் அதில் அழுத்தி அடிக்கோடு போட்டிருந்தார்.
வைத்தேன்.

இரண்டு ராணிகளைத் திருப்பினார், அவசரமில்லாமல்.

‘பென்சில் தொலஞ்சாலும் படிக்கலாம்’ என்று
அவர் சொல்லவில்லை, நானாக நினைத்துக்கொண்டேன்.
அவர் நோட்டை இழுத்து என் பெயரைத் தேடினார்.
நூற்று எழுபது நட்டம்.
நீலப் பேனாவில் ஏழு எழுதி,
இடுப்பில் கோட்டை இழுத்து,
‘ஈரம் காயட்டும்’ என்று
நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.