இருநூற்றுப் பதினான்காம் கல்

நாகமலைக்கு மேற்கே, கண்மாய்க் கரையில்
கூரை சரிந்த சிறு கோயில்.
சாமி எப்போதோ கிளம்பிப் போய்விட்டது.
இருப்பது ஓர் அரசமரம்,
விமானத்தின் மேல், காலை அகட்டிக்கொண்டு.

முதல் மாதம் எண் எழுதினோம்.
நான் சொல்ல, சோணைமுத்து எழுதுவான்.
அவனுடைய ஏழு எப்போதும் ஒன்று மாதிரி இருக்கும்.
அதில் இரண்டு நாள் போயிற்று.

பிறகு சிமெண்டைச் சுரண்டினோம்,
யாரோ நல்ல மனதோடு பூசியது.
உள்ளே மூன்று ஐப்பசிகளின் ஈரம் பூட்டிக் கிடந்தது.
உப்புப் பூத்து, கல்லுக்குத் தோல் உரிந்திருந்தது.
காகிதக் கூழை அப்பி உப்பை இழுத்தோம்,
காய்ச்சல் நெற்றிக்குத் துணி மாற்றுவதுபோல்
காலையும் மாலையும்.

வேருக்கு மருந்து ஏற்றும் நாளில் கை நின்றுவிட்டது.
சுவரைப் பிளந்தது இந்த வேர்.
பிளந்ததை விழாமல் பிடித்திருப்பதும் இதே வேர்.
படிவத்தில் இரண்டு கட்டம்தான்:
அகற்ற வேண்டியவை, தக்கவைக்க வேண்டியவை.
"ஆய்வில் உள்ளது" என்று ஓரத்தில் எழுதினேன்.
இன்னும் ஆய்வில்தான் உள்ளது.

இருநூற்றுப் பதினான்கு
வரைபடத்தில் இருந்தது, சுவரில் இல்லை.
ஒச்சம்மாள் வீட்டுக் கொல்லையில் கண்டுபிடித்தோம்,
அதன்மேல் ஒரு போர்வை அடி வாங்கிக்கொண்டிருந்தது.
"எங்க மாமியா காலத்துலருந்து கெடக்கு.
தூக்கிட்டுப் போனா எதுல தொவைக்க?"
டெண்டரில் துவைகல்லுக்கு வழியில்லை.
என் காசில் மேலூரிலிருந்து ஒரு கிரானைட் பலகை வந்தது.
"வழுக்குது" என்றார் மறுநாளே.

நான்கு பேர், ஒரு கடப்பாரை. புரட்டினோம்.
சோப்பு வாடை, மண்புழு, ஒரு தேள்,
அப்புறம் எழுத்து.

நிமிர்ந்து நின்ற கற்களுக்கெல்லாம்
மழை முகத்தைத் தின்றிருக்க,
குப்புறக் கிடந்த இதில் மட்டும்
உளியின் ஓரம் விரலைக் கீறியது.
மன்னன் பெயர் உடைந்த பாதியில் போயிருந்தது.
மிச்சத்தை எழுத்துக் கூட்டி வாசித்தேன்:
இக்குளத்து மடை தூர் எடுப்பானுக்கு
நாள் ஒன்றுக்கு நெல்லு இருநாழி.

"நமக்கு அதுவும் வரலையே" என்றான் சோணைமுத்து.
கூலி பில் மதுரையில் மூன்று வாரமாகக் கையெழுத்துக்கு நின்றது.

சுண்ணாம்பு இறுகும் முன்
ஒச்சம்மாள் வந்து உள்ளங்கையால் கல்லைத் தட்டிப் பார்த்தார்,
ஆடவில்லை.
எழுத்து வெளியே பார்க்க வைத்தோம்.
மூன்று தலைமுறை அடித்துத் துவைத்ததில்
நடுவே லேசாகக் குழிந்து, சோறு வடித்த தட்டுபோல் வழவழத்த முகம்
சுவருக்குள் போயிற்று.
இனி யாரும் பார்க்கப் போவதில்லை.
குறிப்பேட்டில் பதிந்தேன்:
பின்முகம், தேய்மானம் இரண்டு விரல் ஆழம்.
காரணம், துணி.