மூன்றாம் பக்கத்து மழை

கொட்டகலையில் ரயில் ஏறினால்
ஹட்டனுக்கு முன்னால் சிங்கமலைச் சுரங்கம்.
பெட்டியில் விளக்கு எரிந்தால் எரியும்.
எரியாத நாளில்
மடியிலிருந்த கதை பாதி வாக்கியத்தில் நின்றுவிடும்.
நரி கதவைத் தட்டியது, உள்ளேயிருந்து
அவ்வளவுதான். இருட்டு.
டீசல் புகை. யாராவது ஒருவன் ஊளையிடுவான்,
பெட்டி முழுக்கச் சேர்ந்துகொள்ளும்.
அந்த ஊளைக்குள் உட்கார்ந்து
கதவை நான் திறந்தேன்.
உள்ளே நரியின் தங்கச்சி.
வெளிச்சம் வந்ததும் அச்செழுத்தைப் பார்த்தால்
வெறும் முயல்.

முயல்தான் என்று தெரிந்த பிறகும்
அந்தப் பக்கத்தைச் சுரங்கத்துக்கென்றே வைத்திருந்தேன்.
ஒரு நாள் உள்ளே யாருமில்லை, அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.
ஒரு நாள் கணக்கு டீச்சர், ஈரத் தலையோடு.
வாசிகசாலைப் புத்தகம் அது.
மூன்று தவணை திருப்பிக் கொடுக்கவில்லை.

எப்படி எழுத வந்தீர்கள் என்று கேட்பவர்களிடம்
"சின்ன வயதிலிருந்தே ஆர்வம்" என்கிறேன்.
அவர்களுக்கு அது போதுமாயிருக்கிறது.

பகலில் தபால் கந்தோரில் முத்திரை குத்துகிறேன்.
இரவில் பதினாறு பக்கம்.
ஒரு தாளை மடித்தால் அவ்வளவுதான் வரும்;
பதினேழாம் பக்கத்தில் என்ன நடந்தாலும்
அச்சகக்காரர் பொறுப்பில்லை.
ஒவ்வொரு சொல்லையும் தூக்கிப் பார்க்கிறேன்,
ஏழு வயதுக் கை இதைத் தூக்குமா என்று.
'ஏமாற்றம்' கனம்.
'ஏமாந்து போச்சு' பரவாயில்லை, சுமக்கும்.
'சம்பள உயர்வு' இங்கே எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்த சொல்,
அதைக் கொழும்பில் வெட்டிவிடுவார்கள்.

போன வருசம் ஒரு அட்டை
குடை வாங்கப் போன கதை எழுதினேன்.
"அட்டையில் அட்டையா?" சிரித்தார்
பதிப்பாளர் கருணைநாதன்.
"பிள்ளைகள் அருவருக்கும். நத்தை என்று மாற்றுவோமா?"
நத்தைக்கு வீடு உண்டே, என்றேன்.
அவர் போனில் கொஞ்ச நேரம் பேசவில்லை.
அட்டை தப்பியது.

ஆடி மாதம். போகவந்தலாவையில்
மேற்பிரிவுப் பள்ளிக்கூடம், இரண்டாம் ஆண்டு.
தகரத்தில் கொட்டுகிறது மழை.
அதற்கும் மேலே குரலை உயர்த்தி
நான் கத்தி வாசிக்கிறேன்:
"மழை நின்றது!"

வாங்கின் ஓரத்தில் ஒரு பையன்,
கொப்பியைச் சீனிப் பைக்குள் போட்டு வைத்திருந்தவன்,
பெயர் யதுஷன் என்று பிறகுதான் கேட்டேன்,
எழும்பினான்.
"மூணாம் பக்கத்துல மழ நின்னுருச்சே டீச்சர்.
யாரு நிப்பாட்டுனா?"

நான்தான்.
ஓவியம் போட்ட பஸ்லியா கொஞ்சம் மஞ்சள் கேட்டாள்.
கதைக்கும் ஒரு வெயில் வேண்டியிருந்தது,
வேறெங்கோ எழுதப்பட்ட எல்லாக் கதையிலும்
அந்த இடத்தில் வெயில் வரும் என்பதால்.

"மழ நின்னா அட்ட நடக்காது,
காஞ்சு போயிரும்," என்றான்.
அதோடு வகுப்பு கிளம்பிவிட்டது.
உப்பு வைக்கணும் என்றது ஒன்று.
சவுக்காரம்தான் என்றது இன்னொன்று.
ஒருத்தி காலுறையை இறக்கிக் காட்டினாள்,
நேற்றையது ஒன்று, இன்றையது இரண்டு.
முப்பது நிபுணர்களுக்கு நடுவே
புத்தகத்தைப் பிடித்தபடி நின்றேன்.
மீதிப் பக்கங்களை யாரும் கேட்கவில்லை.

அன்று இரவு
வெயிலை அடித்துவிட்டேன்.
இப்போது பதினாறு பக்கமும் பெய்கிறது.
பஸ்லியாவுக்கு எழுதினேன்: மஞ்சளை வைத்துவிடு,
சாம்பலில் எத்தனை சாம்பல் உண்டோ அத்தனையும் கலக்கு.
அவள் ஒரு கேள்விக்குறி மட்டும் அனுப்பினாள்.

இனி அட்டைக்குக் குடை எதற்கு?
தெரியவில்லை.
ஆனால் நனைந்து, மினுங்கி, வளைந்து நிமிர்ந்து
அது கடை வாசல்வரை வந்துவிட்டது.
எட்டாம் பக்கம்.
"ஒனக்கு என்னா வேணும்?"
கடைக்காரர் குனிந்து கேட்கிறார்.

ஒரு வாரமாக அவர் குனிந்தபடியே இருக்கிறார்.

நாளைக்குக் கொட்டகலைக்கு ஒரு டிக்கட் எடுக்கவேண்டும்.
அங்கே எனக்கு ஒரு வேலையுமில்லை.
விளக்கு எரியாத பெட்டியாய்ப் பார்த்து.