எட்டடிக் கம்பி

அக்டோபரில் நான்தான் அதைப் புதைத்தேன்,
யார்க்டனுக்கு வடக்கே, நெட்டி பெட்ரிஷினின் மேய்ச்சல் வெளியில்.
ஒன்பதடி ஆழத்தில் குழாய்.
மேலே இடுப்பளவுப் பெட்டி, நடுவில் கிண்ணம்,
அடியில் சூடேற்றும் சுருள், ஓரத்தில் மிதவை.
குடிக்கக் குடிக்கத் தானாக நிரம்பும்.
மைனஸ் நாற்பதிலும் உறையாது என்று சொல்லித்தான் விற்றேன்.
அது பொய்யில்லை.

எர்த் கம்பி எட்டடி இறங்க வேண்டும்.
மூன்றரையில் கல்.
சம்மட்டியால் இருபது அடி அடித்தும்
அரையடி நகரவில்லை.
இருட்டிக்கொண்டு வந்தது. இன்னும் இரண்டு பண்ணை பாக்கி.
மிச்சத்தை ரம்பத்தால் அறுத்து
வண்டிக்குள் எறிந்தேன்.
யாரும் பார்க்கவில்லை,
வேலிக்கு அப்பால் நின்ற ஐந்து குதிரைகளைத் தவிர.

ஜனவரியில் நெட்டி கூப்பிட்டாள்:
"தண்ணீர் இருக்கிறது, உறையவும் இல்லை.
குதிரைகள்தான் கிட்டே போக மாட்டேன் என்கின்றன."
பழகிக்கொள்ளும் என்றேன்.
புதுப் பெட்டி, புது வாசனை,
விளிம்பில் கொஞ்சம் ஓட்ஸ் தூவிப் பாருங்கள்.
எல்லாருக்கும் சொல்வதுதான்.
அவள் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

நாலு நாள் கழித்து மறுபடியும்:
"கிழட்டுப் பெட்டைக்கு வயிறு கட்டிக்கொண்டது.
மூக்கு வழியே குழாய் விட்டு
எண்ணெய் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார் டாக்டர்.
நீ வருகிறாயா, இல்லை
இதைத் தோண்டியெடுத்து உன் வாசலில் போடட்டுமா?"

போனேன். மைனஸ் முப்பத்தெட்டு.
மூக்குக்குள் மயிர் ஊசியாகும் குளிர்.
காற்றுக்கு முதுகு காட்டி நின்றன நான்கும்,
இமையில் வெள்ளை, முகவாயில் பனிமணிகள்.
பெட்டியைச் சுற்றிக் குளம்புத் தடங்கள்
பத்தடி தள்ளி வட்டம் போட்டிருந்தன.
வட்டத்துக்குள் ஒரு தடம்கூட இல்லை.
வெளியே, பனியை நக்கித் தின்ற குழிகள்.

கிண்ணத்தில் கண்ணாடித் தண்ணீர்,
லேசாய் ஆவி பறக்க.
மீட்டரை எடுத்தேன், பாட்டரி விறைத்துச் செத்திருந்தது.
நெட்டி கையுறை கழற்றி விரலை நனைத்தாள்.
"ஒன்றும் தெரியவில்லையே."
அவள் காலில் தடித்த ரப்பர் பூட்ஸ். என் காலிலும்.
குதிரை நிற்பதோ வெறுங்குளம்பில்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.
பக்கத்து இரும்புக் கம்பத்தை வெறுங்கையால் பிடித்தேன்
(தோல் ஒட்டிக்கொண்டது, அது வேறு கதை),
குனிந்து
உதட்டைத் தண்ணீரில் வைத்தேன்.

சின்னதுதான்.
பள்ளிக்கூட நாளில் பாட்டரியை நாக்கில் வைத்துப் பார்ப்போமே,
அவ்வளவு.
ஆனால் ஒவ்வொரு வாய்க்கும் அவ்வளவு.
தாகத்தோடு முகத்தைக் கொடுத்து
அறை வாங்கித் திரும்பியிருக்கின்றன.

"கம்பி எவ்வளவு ஆழம்?" என்றாள்.
"மூன்றரை."
அக்டோபர் மண்ணுக்கு அது போதும்.
ஜனவரியில் உறைவு ஐந்தடி இறங்கியிருந்தது.
உறைந்த மண் எதையும் வாங்கிக்கொள்ளாது,
மின்சாரத்தை, மன்னிப்பை.
நெட்டி திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.

இனி வசந்தம்வரை எதையும் அடித்திறக்க முடியாது.
கிணற்றின் இரும்பு உறைவரை
பனிமேல் அறுபதடி செம்புக் கம்பி இழுத்துக் கட்டினேன்,
கொப்புளித்த உள்ளங்கையோடு.
இந்த முறை என் உதட்டில் வெறும் தண்ணீர்.

மூன்று நாள் ஒன்றும் வட்டத்தைத் தாண்டவில்லை.
நான்காம் இரவு தொலைபேசி அடித்தது.
அந்தப் பக்கம் பேச்சில்லை.
காற்று. பிறகு உறிஞ்சும் ஓசை,
மிதவை தாழ்ந்து வால்வு திறக்கும்
நீண்ட ஒரு ஸ்ஸ்ஸ்.
வைத்துவிட்டாள்.

கிழட்டுப் பெட்டை பிழைத்தது.
இன்றுவரை வாளியில்தான் குடிக்கிறது.
வாளிக்கு நெட்டி பில் அனுப்பியிருந்தாள்,
பன்னிரண்டு டாலர்.