உள்ளளவு, வெளியளவு

வெளியே அளந்தால் நாற்பத்தாறே கால் அடி.
உள்ளே நாற்பத்தொன்று.
சுவர் இரண்டுக்கும் நாலடி கழித்தும்
ஒன்றேகால் அடியைக் காணோம்.
"டேப்பு தொய்ஞ்சிருக்கும் மேடம்" என்கிறான் மொக்கராசு.
மறுபடி இழுக்கிறோம்.
டேப் தொய்யவில்லை.

வங்கிக் கடனுக்கான மதிப்பீடு.
தல்லாகுளத்துக்கு மேற்கே, வேப்பமரங்களுக்குப் பின்னால்
மூன்று ஏக்கர் சொச்சம், ஒரு டென்னிஸ் மைதானம்,
நூற்று முப்பத்தேழு வயதுக் கட்டடம்.
இந்த வாசலைத் தாண்டித்தான் நாலு வருஷம்
டவுன்பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கல்லூரிக்குப் போனேன்.
காவலாளியின் தொப்பிக்கு அப்பால் எதுவும் தெரிந்ததில்லை.
எழுபத்தெட்டு வரை பெண்களுக்குப் பக்கவாசல்தானாம்.
முன்வாசலை நான் இரண்டு முறை அளந்தேன்.

செயலாளர் கனகசபாபதி வரலாற்றுக் கையேடு கொடுத்தார்.
வழவழப்பான தாள்.
பில்லியர்ட்ஸ் மேஜையின் பலகைக்கல் ஐந்து துண்டாகத்
தூத்துக்குடியில் கரையிறங்கி ரயிலேறி வந்திருக்கிறது;
ஸ்டேஷனிலிருந்து இங்கே இழுத்து வந்தவை பதினாறு மாடுகள்.
வெள்ளைக்காரத் தலைவர்கள் இருபத்திரண்டு பேர்.
அப்புறம் மில்காரர்கள், டாக்டர்கள், ஒரு நீதிபதி.
ஏதோ ஒரு சித்திரையில்,
'எதிர்சேவைக் கூட்டத்தின் இரைச்சல் காரணமாக
அரையிறுதி ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டது.'
அழகர் இந்தக் கட்டடத்துக்குள் வந்தது
அந்த ஒரு வரியில்தான்.

மேஜைக் கால்களுக்கு அடியில் தரை
அரை அங்குலம் இறங்கியிருக்கிறது. குறித்துக்கொண்டேன்.
சமையலறைப் படியில் மீன் பொறித்த கல் ஒன்று, தலைகீழாக.
கோட்டையை இடித்த கல் என்கிறார்கள். இருக்கலாம்.
என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

மதியத்துக்கு மேல் கூடத்தின் மேற்குச் சுவரைத் தட்டிப் பார்த்தேன்.
தேக்குப் பலகை.
அதன்மேல் தலைவர்கள் எல்லோரும் பொன்னெழுத்தில்.
தட்டிய இடமெல்லாம் டம்மென்றது.
ஒன்றேகால் அடி
அவர்கள் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது.

மொக்கராசு வராந்தாவில் ஏணி போட்டான்.
உத்தரத்துக்கு ஒரு முழம் கீழே
சுண்ணாம்பு வேறு நிறமாக, வட்டமாக.
உளியை வைத்ததும் உதிர்ந்தது.
துளை. மூன்று விரல் நுழையும்.
கீழ்விளிம்பு மட்டும் தேய்ந்து, மினுமினுத்து,
கிணற்றுக்கல்லில் கயிறு அறுத்த பள்ளம்போல.
"இங்க எவன் மேடம் தண்ணி எறைச்சான்?"

அலமாரியில் கரையான் மிச்சம் வைத்த பேரேட்டைச் சொன்னேன்:
பங்கா, ஆள் மூன்று, மாதம் ஒன்பது ரூபாய்.
தூங்கியதற்குப் பிடித்தம் இரண்டணா.
மின்சாரம் வந்த வருஷத்தோடு அந்த வரி நின்றுவிடுகிறது.
"எந்த எடத்துல உக்காந்து இழுத்திருப்பாய்ங்க?"
துளையிலிருந்து கயிறு இறங்கினால் சேரும் இடத்தைக் காட்டினேன்.
ஷூ ஸ்டாண்டு இருந்தது.
கொஞ்ச நேரம் அவன் ஏணியிலேயே நின்றான்.
பிறகு குனிந்து, கன்னம் உப்ப, துளைக்குள் ஊதினான்.
தூசி அவன் கண்ணுக்கே திரும்பியது.

ஆடி மாசம்.
மேற்கிலிருந்து ஒரு காற்று வந்து
அந்த மூன்று விரல் அகலத்துக்குள் நுழைந்து போயிற்று.
உள்ளேயிருந்து செயலாளரின் குரல்:
"எங்கேயிருந்துங்க காத்து வருது?
ஏசி ஓடிக்கிட்டிருக்கு, அதை அடைச்சிருங்க."

கூடத்துக்குள் எட்டிப் பார்த்தேன்.
இருபத்திரண்டு பேரின் பலகை
ஆணியில் தொங்கியபடி
முன்னும் பின்னும், மெதுவாக,
யாரோ இழுத்து விடுகிற ஒழுங்கில் அசைந்துகொண்டிருந்தது.

காற்றோட்டம் என்ற கட்டத்தில்
'உண்டு' என்று எழுதினேன்.
அரைக்கிலோ சிமெண்டு வாங்கி வருவதாகச் சொல்லிப் போனான் மொக்கராசு.
கோரிப்பாளையம் கூப்பிடு தூரம்தான்.
ஆறு மணிவரை அவன் வரவில்லை.
நானும் போன் பண்ணவில்லை.